பின்னால் அம்மா வருவாள்

அன்பு அத்தானுக்கு,

போனில் சொன்னால் பதறிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். அஜிஷா நலமாகத் தூங்குகிறாள்.

சாயங்காலம் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் தனியாகத் தெருவில் இறங்கிவிட்டாள். மூன்று வயதுப் பிள்ளை! கோட்டாற்றுக் கடைத்தெருவில் கடைகடையாக ஓடினேன்.

“இப்பந்தான் போனா மக்கா. நீ பொறத்தால வாறன்னுல்லா நெனச்சேன்” என்றாள் பூக்கடை தேவகனி அக்கா. பழக்கடையிலும் அதே பதில். ஒரு மட்டிப்பழம் வேறு வாங்கித் தின்றிருக்கிறாள். தினமும் நாங்கள் சேர்ந்தே நடப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அழுகைக்கு நடுவிலும், அடுத்து எங்கே நின்றிருப்பாள் என்று அறியும் ஆசை வந்துவிட்டது எனக்கு.

சவேரியார் கோயில் வாசலில், மெழுகுவர்த்தி விற்கும் அல்போன்ஸ் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, ஒங்கம்மைக்கு நடந்து வர இவ்வளவு நேரமா?” என்று அவளிடம் கேட்டுச் சிரித்தார் அவர்.

பைபாஸ் பக்கம் நாம் குடிபோக நீங்கள் பார்த்த வீட்டுக்குச் சுற்றுச்சுவரும் கேட்டும் உண்டுதான். ஆனால் கேட் ஒருநாள் திறந்து கிடந்தால், பிள்ளை எந்தப் பக்கம் போனாள் என்று அங்கே யாரிடம் கேட்பேன்?

அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கே கதவில் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி போடுகிறேன். நாளைக் காலையில் கடைகடையாகப் போய், நான் உடன் இல்லாவிட்டால் அவளைப் பிடித்து உட்கார வைக்கச் சொல்லப்போகிறேன்.

திட்டுவதானால் என்னை மட்டும் திட்டுங்கள்.

உங்கள் மனைவி