விமானத்தில் தூளி கட்ட இடமில்லை

கோட்டைக்குப்பம்
கார்த்திகை, 1984

என் நைனாவுக்கு,

முதலில் கோபித்துக்கொள்ளாதே. எழுதப் படிக்கத் தெரியாத உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோதே உன்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள் நான். கல்லூரியிலிருந்து வந்தால் "சாப்டியா?" என்பாய். தலையாட்டுவேன். அத்தோடு சரி. இப்போது முகம் தெரியாதவர்களெல்லாம் பத்திரிகையில் படிக்கும்படி எழுதுகிறேன். அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது என்ற தைரியம்தான்.

நாளை மறுநாள் விமானம். பெட்டி இன்னும் மூடவில்லை. மழை விட்டபாடில்லை, குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைக்கிறேன். எல்லாத் துணியிலும் புகை நாற்றம். அந்த ஊரில் யாராவது மூக்கைச் சுளிப்பார்களோ?

உன் மருமகனுக்குக் கனடாவில் வேலை நிலைத்துவிட்டது. எனக்கும் பிள்ளைக்கும் விசா வந்துவிட்டது. ஆமாம், பிள்ளைதான். போன வருஷம் முகத்துவாரத்தில் உன் படகு கவிழ்ந்த ஐப்பசியில் என் வயிற்றில் இருந்தவன். மாசியில் பிறந்தான். உன் பெயரையே வைத்தோம், ஏழுமலை என்று. உனக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டே, அது அவனுக்கும் இருக்கிறது. குளிப்பாட்டும்போது அம்மாதான் முதலில் பார்த்தாள். "வந்துட்டாரு" என்றாள்.

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாளே! அதனால் பேரனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இவரு" என்பாள். "இவரு இன்னும் பால் குடிக்கலடி." "இவருக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்?" அவள் அப்படிப் பேசும்போது, வீட்டுக்குள் நீ வந்து உட்கார்ந்திருக்கிறாயோ என்று நானே திரும்பிப் பார்ப்பேன்.

காரியத்தன்று உன் துணிமணிகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வேட்டியை மட்டும் அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பிள்ளை பிறந்ததும் அதை எடுத்து உத்திரத்தில் தூளி கட்டினாள். அத்தை வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"இன்னா அண்ணி, செத்தவரு துணியில பச்சப் புள்ளையப் போட்டுகீறியே! ஊரு இன்னா பேசும்?"

"அவரு துணியில அவரு தூங்குறாரு. ஊருக்கு இன்னா வந்துச்சி?"

உன் தங்கையின் வாயை அடைத்த முதல் ஆள் அம்மாதான். ஆனால் இப்போது அதுவே வினையாகிவிட்டது. அந்தத் தூளி இல்லாவிட்டால் பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறான்.

பெட்டி கட்டிய கதையைக் கேள். நமக்குத் தெரிந்த பயணம் படகுப் பயணம்தானே. ஏரி தாண்டிப் பசியாவரம் போனாலும் சாமான் நம் காலடியில்தான் இருக்கும். நனையக் கூடாததை அடியில் பத்திரப்படுத்தி மேலே பாரம் ஏற்றுவோம். நானும் அம்மாவும் அப்படியேதான் செய்தோம். பால் பவுடர், பாட்டில், மாற்றுத்துணி எல்லாவற்றையும் பெரிய பெட்டியின் அடியில் வைத்து, மேலே என் புடவைகள், அதற்கும் மேலே கருவாடு. அண்ணன் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டினான். மூன்று பேருக்கும் அவ்வளவு திருப்தி.

பழவேற்காட்டிலிருந்து ஜுபைதா அக்கா வந்தார். புருஷனோடு துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர், கைக்குழந்தையோடு பறந்தவர். பெட்டியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டான்.

"யாருடி இத்தக் கட்டுனது? பெட்டிய ஏர்போர்ட்டுலயே வாங்கி உள்ள தள்ளிடுவாங்க. எறங்குற ஊர்லதான் கண்ணுல காட்டுவாங்க. புள்ள நடு வானத்துல அழுதா இன்னா பண்ணுவே, குதிச்சி எடுப்பியா?"

கைப்பை ஒன்று தனியாக வேண்டும் என்றார். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு, இல்லையென்றால் பிள்ளைக்குக் காது வலிக்கும் என்றார். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்ட அம்மா கடைசியில் கேட்டாள்: "தூளி கட்ட மேல கம்பி இருக்கும்ல?"

எனக்குள்ளும் அந்தக் கேள்விதான் இருந்தது, நைனா. பி.ஏ. படித்தவள் கேட்டால் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

"தூளியா? மடிதான் பெரிம்மா தூளி" என்றார் ஜுபைதா அக்கா.

அம்மாவின் முகம் அப்போதே மாறிவிட்டது. அக்கா கிளம்பியதும் ஆரம்பித்தாள்.

"நீ போ. புருசன் கூடப் பொழைக்கணும், நான் வேணான்னு சொல்லல. இவர இங்கியே வுட்டுட்டுப் போ. ஆட்டுப்பால் ஊத்தி வளக்குறேன். நாலு வயசு ஆனதும் வந்து கூட்டிகினு போ."

"அவன் என் புள்ளம்மா."

"ஒனக்குப் புள்ள. எனக்கு?"

நான் குனிந்து பெட்டிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"ஒருதரம் கடலு எடுத்துகிச்சி. இப்ப ஆகாசம் எடுத்துகினு போவுதா?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. எடுத்ததை வைக்கிறேன், வைத்ததை எடுக்கிறேன். பாஸ்போர்ட்டைப் பார்க்கிறேன், வாசலுக்குப் போகிறேன், வந்து மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்க்கிறேன். ஜுபைதா அக்கா சொன்னபடி பால் பவுடரைக் கைப்பைக்கு மாற்றினேன். மூடி கசிந்தால் என்ன செய்வது என்று பெட்டியில் போட்டேன். மறுபடி கைப்பை. நேற்று ஒரு கட்டத்தில் அம்மா சொல்வதும் சரிதானோ என்று தோன்றிவிட்டது. அங்கே எலும்பை உறைய வைக்கும் குளிராம். வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. அவன் துணிகளை மட்டும் பிரித்து ஓரமாக வைத்தேன். அந்த நேரம் பார்த்து தூளிக்குள் சிணுங்கினான். என் ரவிக்கை நனைந்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அடுக்குவதை அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை பிள்ளை விழித்ததும் தூளியை அவிழ்த்தாள். அந்த மழையிலும் துவைத்தாள். அடுப்பின் மேல் தூக்கிப் பிடித்தபடி, கை மாற்றி மாற்றி, நின்றே காயவைத்தாள். பிறகு மடித்து என் கைப்பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"மேலயே வெச்சிகீறேன். மடியில விரிச்சிப் போட்டு ஆட்டு. தூங்கிடுவாரு. காது கிட்டக் காத்து படாம பாத்துக்கோ."

"ஒனக்கும்மா?"

"எனக்கு இன்னாத்துக்கு? நான் இன்னா தூளியிலயா தூங்குறேன்?"

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் ஏலத்துக்குப் போய்விட்டாள். உத்திரத்தில் வெறும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் அண்ணன் இருக்கிறான், குறை வைக்க மாட்டான். ஆனால் சாயந்திரம் அடுப்படியிலிருந்து அவள் யாரை "இவரு" என்பாள்?

அம்மா திரும்புவதற்குள் வேட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்து, பழையபடி அந்தக் கயிற்றிலேயே கட்டிவிட்டேன். அவள் போட்ட முடிச்சு போல வரவில்லை. வந்ததும் கண்டுபிடித்துவிடுவாள், திட்டுவாள். திட்டட்டும்.

மத்தியானத்திலிருந்து பிள்ளையை மடியில் போட்டுப் பழக்குகிறேன். காலை உதைக்கிறான், தூளியைப் பார்த்துக் கை நீட்டுகிறான், ஊரைக் கூட்டுகிறான். இதையும் அவன் அழுகைக்கு நடுவேதான் எழுதுகிறேன். வழியெல்லாம் இப்படியேதான் வருவான் போலிருக்கிறது.

வரட்டும். நான் மடியை விட்டு இறக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நாள் தவறாமல் உன் பெயரைச் சொல்லியே அவனைக் கூப்பிடுவேன். "நீதான் உன் தாத்தா" என்று மட்டும் அவனிடம் சொல்ல மாட்டேன். அவன் அவனாகவே வளரட்டும்.

ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். வழக்கம்போலக் கடைசி வரைக்கும் வாய் வரவில்லை. நீதான் பிள்ளையாக வந்திருக்கிறாய் என்று அம்மா சொல்வது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அந்த மச்சத்தைப் பார்க்கும்போது எனக்கும் சந்தேகம் வரும். நிஜமாகவே இருந்தால், பிள்ளையை மட்டும் என்னோடு அனுப்பு. நீ எங்களோடு வந்துவிடாதே, நைனா. அம்மாவோடு இங்கேயே இரு.

உன் பொண்ணு,
உன் பெயர்க்காரனைப் பெற்றவள்,
செல்வி