உன்னைச் சொல்ல விடவில்லை

ஹெல்மெட் திரும்பி வந்துவிட்டது. உன் பெண்சாதி ரோஸ்லின் இன்று காலை கடைக்கு வந்து, ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்ததைக் கயிற்றுச் சுருள்களின் மேல் வைத்துவிட்டுப் போனாள். எடுத்து உள்ளே மோந்து பார்த்தேன். நீ தலையில் அப்பிக்கொள்கிற அந்தப் பச்சை எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. இரவல் வாங்கியதைத் திருப்பித் தருகிற பழக்கம் உனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. செத்த பிறகுதான் வந்திருக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்குக் கூப்பிட வந்தவள், போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. விசைப்படகுக்காரர் ஒருவர் நைலான் கயிறு கேட்டு வந்தார். மாற்றிக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துப் பூரித்துவிடாதே. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

முதலிலிருந்தே வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் வாயால் நீ ஒரு தடவை கேட்டாக வேண்டும்.

அது என் அப்பாவின் வண்டி. கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்த பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். அப்பா கருப்பட்டி வியாபாரி. பின்னால் ஓலைக் கொட்டான்களைக் கட்டிக்கொண்டு விளாத்திகுளம் சந்தை வரைக்கும் அதில்தான் போவார். நம் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடும்போது உன்னை முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைப்பார், என்னைப் பின்னால் கம்பிக் கேரியரில். பெற்ற பிள்ளைக்குக் கேரியர், கூட்டாளிக்கு டேங்க். கேட்டால், "அவன் விழுந்துருவாம்ல, சின்னப்பய" என்பார். நீ என்னைவிட நாலு மாதம் மூத்தவன். அப்போதே உன்னைக் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு தடவை அதன் கிக்கர் ஒடிந்தபோது படகுப் பட்டறையில் பித்தளைக் கம்பி வைத்து ஊதி ஒட்டிக் கொடுத்தார்கள். கறுத்த இரும்பில் மோதிரம் மாட்டியதுபோல ஒரு மஞ்சள் வளையம் விழுந்துவிட்டது. அப்பா அதை மாற்றவே இல்லை.

அவர் போன பிறகு நான் மில்லர்புரத்தில் மாடி வீட்டுக்குக் குடிபோனேன். வண்டியை நிறுத்த இடமில்லை. திரேஸ்புரத்தில் நீ படகு எஞ்சின் பழுது பார்க்கிற செட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். "ஒங்க அப்பா வண்டின்னா எனக்கும் அப்பா வண்டிதாம்ல, கவலப்படாமப் போ" என்றாய். நானும் கவலைப்படாமல்தான் போனேன்.

அப்புறம் அந்த மார்கழி வெள்ளம் வந்தது. ஊரே தண்ணீருக்குள் கிடந்தது. என் கடையில் கயிறு, பெயிண்ட் எல்லாம் நாலு நாள் ஊறிப் போச்சு. தண்ணீர் வடிந்ததும் உன்னைத்தான் முதலில் பார்க்க வந்தேன். செட்டின் பின்சுவர் விழுந்திருந்தது. நீ சேற்றில் நின்று அழுதாய். "வண்டி போச்சுல. செவரோட ஓடையில சாஞ்சு கெடந்துச்சு. நான் வாரதுக்குள்ள ஜேசிபிக்காரன் குப்பையோட அள்ளிட்டுப் போயிட்டான்" என்றாய். கண்ணீர் விட்டுச் சொன்னாய். நான் என்ன செய்தேன், நினைவிருக்கிறதா? உன் தோளைப் பிடித்து, "சவத்த விடுல, வண்டிதான? நீ பொழச்சுக் கெடக்கியே, அது போதும்" என்றேன். உனக்கு நான் ஆறுதல் சொன்னேன்! அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளம் வருவதற்கு எத்தனையோ மாதம் முன்னாலேயே வண்டியை விற்றுவிட்டாய். ஊரில் ஆயிரம் பேர் நிஜமாகவே பறிகொடுத்து நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள் உன் பொய்யையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

இந்தப் பங்குனியில் நீ கடைக்கு வந்தாய். ஆள் மெலிந்திருந்தாய். வயிற்றுப்புண் என்றாய். "ஏலே, ஞாயித்துக்கெழம காலப்பூச முடிஞ்சதும் ஒரு எடத்துக்குப் போவோம். விளாத்திகுளம் தாண்டி ஒரு மொதலாளி பழைய மோட்டார் சைக்கிளா வாங்கி மியூசியம் வச்சிருக்காராம்" என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியில் வெளியே போய் எத்தனை வருடம் ஆகியிருந்தது! என் பைக்கை நான்தான் ஓட்டினேன். என் பையனின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நீ பின்னால் உட்கார்ந்தாய். உப்பளத்துப் பக்கம் கண் கூசியது. தருவைகுளம் தாண்டும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். நீ ம் கொட்டினாய். குளத்தூரில் இறங்கி மோர் குடித்தோம். அதன்பிறகு கரிசல் காடு, ரோட்டோரம் காயப்போட்ட மிளகாய் வற்றல், தும்மல். நீ தும்மித் தும்மி என் முதுகில் முட்டினாய். நான் சிரித்தேன். அதுதான் உன்னோடு நான் கடைசியாக மனசார சிரித்தது.

பஞ்சு மூட்டை அடுக்கிவந்த பழைய கிட்டங்கி ஒன்றைச் சுத்தம் செய்து மியூசியம் ஆக்கியிருந்தார்கள். வரிசையாக வண்டிகள், குறுக்கே சிவப்புக் கயிறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்டு. நீ எதையும் பார்க்கவில்லை. நேராக நடந்துபோய் மூன்றாவது வரிசையில் ஒரு வண்டியின் முன்னால் நின்றுகொண்டாய். புதுசாகக் கறுப்புப் பெயிண்ட், புது சீட், பளபளவென்று சைலன்சர். துறைமுக அதிகாரி ஒருவர் வைத்திருந்த வண்டி என்று போர்டில் எழுதியிருந்தது. என் அப்பாவின் பேர் இல்லை. குனிந்து பார்த்தேன். கிக்கரில் மஞ்சள் வளையம் இருந்தது.

எனக்கு எல்லாம் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. ஜேசிபி, ஓடை, உன் கண்ணீர், என் ஆறுதல் எல்லாம்.

"நல்லாப் பாருல இத" என்றாய்.

"பாத்தேன். ஜோரா வச்சிருக்கான்."

"ஒனக்கு ஒண்ணும் தோணலையா?"

"பசிக்கிமாரி தோணுது. அங்கன ஒரு சைடுகார் நிக்கி, அதயும் பாத்துட்டுப் போவோம், வா."

என்னை ஏன் அங்கே கூட்டிக்கொண்டு போனாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல், வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் நானே கேட்பேன், நீ ஆமாம் என்று தலையாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கேட்பேனா? அந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தேன். நீ சொல்லவே கூடாது. சொன்னால் உன் பாரம் இறங்கிவிடும், நான் மட்டும் அதைச் சுமக்க வேண்டும். இல்லை, மகனே, நீயே சுமந்துகொண்டு திரி.

திரும்பும்போது டீக்கடையில் உட்கார்ந்தோம். நீ வடையைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்தாய். "தவசு காலம்னு பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். நீ யாருக்குச் செஞ்சியோ, மொதல்ல அவங்கிட்டப் போய்ச் சொல்லுன்னுட்டாரு சாமியாரு" என்று ஆரம்பித்தாய். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கோயிலில் சாமியாரிடம் செய்கிற அந்தப் பாவ அறிக்கைக்கு நீ எவ்வளவு பயப்படுகிறவன் என்று சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். திருடித் தின்ற மாங்காய்க்குக்கூட வரிசையில் நின்றவன் நீ. "சாமியாருக்கு வேற வேல இல்ல. வட ஆறுது, தின்னு" என்றேன்.

வண்டியில் வரும்போது பின்னாலிருந்து என்னவோ சொன்னாய். காற்றில் எதுவும் காதில் விழவில்லை என்று கையைக் காட்டினேன். ஆனால் விழத்தான் செய்தது. "ஒங்க அப்பா வண்டி" என்பதுவரை விழுந்தது. உடனே ஆக்சிலேட்டரை முறுக்கினேன். உன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, ரெண்டு நிமிசம் உள்ள வாயேன்" என்றாய். "பொண்டாட்டி தேடுவா" என்று கிளம்பிவிட்டேன். ஹெல்மெட்டை உன்னிடமே விட்டுவிட்டேன்.

அது வயிற்றுப்புண் இல்லை, கணையத்தில் கட்டி என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகாவது விட்டேனா? விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் வந்தேன். இளநீர் கொண்டுவந்தேன், உனக்குக் கால் அமுக்கிவிட்டேன். நீ வாயைத் திறந்தால், "பேசாதல, ரெஸ்ட் எடுன்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்பேன். தனியாக இருக்க விடமாட்டேன். எப்போதும் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். பக்கத்துக் கட்டில்காரர், "இப்படி ஒரு கூட்டாளி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். நீ என்னையே பார்த்தாய். நான் போர்வையை இழுத்து உன் கழுத்துவரை மூடினேன்.

உண்மையைச் சொல்லவா? இனித்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் அள்ளிப் போட்டபோதும், எல்லோரும் என் கையைப் பிடித்து அழுதபோதும், உள்ளே ஒரு மூலையில் இனித்துக்கொண்டுதான் இருந்தது. சொல்லாமலே போனாய், மன்னிப்பு வாங்காமலே போனாய் என்று இந்த ஒரு மாதமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று காலையில் ரோஸ்லின் கேட்டாள்: "அண்ணாச்சி, அவுக ஒங்ககிட்ட அந்த வண்டி விசயத்தச் சொன்னாகளா?"

"எந்த வண்டிம்மா?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அவுக சொன்னது சரியாத்தான் இருக்கு. கடைசி வாரத்துல நானும் கேட்டேன், சொல்லிட்டீகளான்னு. 'அவனுக்குத் தெரியும் ரோசு. மியூசியத்துலயே தெரிஞ்சு போச்சு. பாத்த ஒடனே கையப் பின்னால கட்டிக்கிட்டான். ரெண்டாங் கிளாஸ்ல இருந்து அவன் பொய் சொன்னா அப்படித்தான் நிப்பான். என்னயச் சொல்லவுட மாட்டேங்கான். வுடு, அவன் குடுக்க தண்டன, நான் வாங்கிக்கிடுதேன்'னாக. சாமியார்கிட்டயும் அப்படியே சொல்லி, அவரு பாவமன்னிப்புக் குடுத்து, மந்திரிச்சு எண்ணெய் பூசினப்பறந்தான் கண்ண மூடுனாக."

நான் கையைப் பிரித்து முன்னால் கொண்டுவந்தேன். பின்னால் கட்டியிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எதற்காக விற்றாய் என்பதையும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எனக்கே உன்மேல் இரக்கம் வந்து தொலைக்கும். "பூசைக்கு வந்து மனசுக்குள்ளயாச்சும் மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டு போனாள். பார்ப்போம் என்றேன்.

பாவி, அங்கேயும் ஏமாற்றிவிட்டாயே! உன்னைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயோ என் ஆத்திரத்தையே தண்டனையாக எழுதிக் காட்டிக் கணக்கை முடித்துக்கொண்டு, எண்ணெய் பூசிக்கொண்டு, சுத்தமாகப் போய்விட்டாய். நான் கால் அமுக்கிவிட்டபோதெல்லாம் நீ தெரிந்தேதான் காலை நீட்டியிருக்கிறாய்.

பூசைக்கு வருவேன். ரோஸ்லினுக்காக வருவேன், கடைசி வரிசையில் நிற்பேன். மன்னிப்பு மட்டும் கேட்காதே. கேட்க வேண்டிய வாய் மண்ணுக்குள் இருக்கும்போது நான் யாருக்குக் கொடுப்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கடைசிவரை சொல்லவிடக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். வந்ததும் ஒரு நாள் உன் செட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "சொல்லித் தொலைல" என்று உன்னைச் சொல்ல விட்டு, முழுசையும் கேட்டு, கன்னத்தில் பளாரென்று ஓர் அறை வைத்திருப்பேன். அதோடு முடிந்திருக்கும். நீயும் அழுதிருப்பாய், நானும் அழுதிருப்பேன், சாயங்காலம் டீ குடிக்கப் போயிருப்போம். அந்த அறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேறு யாரையும் அடிக்க அது ஆகாது. அதை நான் என்ன செய்யட்டும், சொல்லுல.