வளைந்த வெள்ளைக் கோடு

2024 பிப்ரவரி 27, செவ்வாய்

நேற்று வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். லேசர்தான். மகள் இசபெலின் பிடிவாதம். “கையால வெட்டுறத விட லேசர் சுத்தமா இருக்கும்மா. ஸ்கூல் வேன் ஓட்றவங்க நீங்க” என்றாள். என் வீட்டுக்காரர் மத்தியாஸுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கமலாதேவி அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் சாதாரண முறையில் செய்துகொண்டு இப்போது ஊசியில் நூல் கோக்கிறாராம். இதையே இவர் எத்தனை தடவைதான் சொல்வார்!

இன்று கண்மூடியைக் கழற்றியதும் வெளியே தோட்டத்துச் செம்பனை மர ஓலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இவ்வளவு பச்சையா? அழுகை வந்துவிட்டது.

மார்ச் 11, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. கண் டாக்டர் இந்திரகுமாரி ஓட்டலாம் என்றார், ஓட்டினேன். ஈஜோக்கிலிருந்து பள்ளி வரை பிள்ளைகள் ஒரே கூச்சல். இடக்கண் இன்னும் மங்கல். அதற்கும் தேதி வாங்க வேண்டும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலையில் சாலை நடுவே வெள்ளைக் கோடு வளைந்தது. நேரான சாலை அது. எனக்குத் தெரியாதா? இடக்கண்ணை மூடிப் பார்த்தேன். வலக்கண்ணில் கோடு புடைத்துக்கொண்டு, புழு நெளிவதுபோல. பின்னால் வேன் நிறையப் பிள்ளைகள்.

ஓரங்கட்டினேன். “ஏன் ஆன்ட்டி நிப்பாட்டிட்டீங்க?” என்றாள் நித்தியா. டயர் சரியில்லை என்று ஏதோ சொன்னேன். போன் செய்ததும் மத்தியாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து வேனை ஓட்டிப்போனார்.

ஏப்ரல் 3

“நான் அப்பவே சொன்னேன்லா ஜெனட். கண்ணுக்குள்ள லேசர வச்சு சுட்டா என்னா ஆவும்?” — மத்தியாஸ்.

“சுடலப்பா! எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் சொன்னேன்” — போனில் இசபெல். பிறகு அவளும் அழுதாள்.

அவர் சொல்வதும் சரிபோல இருக்கிறது. அவள் சொல்வதும். கண் மட்டும் என்னுடையது.

ஏப்ரல் 5, வெள்ளி

டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது. அதனால்தான் கோடு வளைகிறதாம்.

“லேசராலதானே டாக்டர்?”

“லேசர் வேலை செய்றது கண்ணோட முன்பக்கம். வீக்கம் பின்பக்கம். சாதாரணமா செஞ்சவங்களுக்கும் இது வரும்.”

“அப்ப லேசர் காரணமில்லையா?”

“உங்க ஒரு கண்ண வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. நிறைய பேர பாத்ததுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலங்க.”

ஆமாம் என்றிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இல்லை என்றிருந்தால் நிம்மதி. இரண்டும் இல்லை என்றால் நான் என்ன செய்வது?

இடக்கண்ணையும் படம் எடுத்தார். அதிலும் வீக்கம், சின்னதாக. யாருமே தொடாத கண்! “இனிப்பு நீர் எப்படி இருக்கு?” என்றார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சீனி அதிகம், அதனாலும் கண் இப்படி வீங்கும் என்று உதட்டைப் பிதுக்கினார். வலக்கண்ணை ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்டேன். புரை தடிப்பாக இருந்ததால் அன்று படம் தெளிவாக விழவில்லையாம்.

சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். வேன் ஓட்டக்கூடாது.

ஏப்ரல் 6

தொடாத கண்ணும் வீங்கியிருக்கிறது. அப்படியானால் தொட்ட கண்ணுக்கு யாரைக் குறை சொல்வது?

மே 8, புதன்

வேனை மத்தியாஸ்தான் ஓட்டுகிறார். இன்று நானும் முன்சீட்டில் போனேன். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கேட்டார்: “எதுக்க வர்றது லோரியா, காரா?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“வெயிலு கூசுது, அதான்.”

“எப்பலேர்ந்து?”

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்: “ஒனக்கு மொதல்ல சரியாவட்டும்னு இருந்தேன். ஒன் கண்ணு இப்படி ஆனதும் பயந்துட்டேன்லா.” செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியே காலம் கழித்த மனிதர். நான் லேசரா, சாதாரணமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை ஏற்றிய வேனைப் பாதிக் கண்ணோடு இவர் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாவியைக் கேட்டேன். கொடுத்துவிட்டார்.

மே 9

இன்றிலிருந்து பிள்ளைகள் இன்னொரு வேன்காரர் மகேந்திரனின் வேனில் போகிறார்கள். வாசலில் நின்று பார்த்தேன்.

ஜூன் 14, வெள்ளி

வலக்கண் வீக்கம் வடிந்துவிட்டது. சீனி இறங்கியிருக்கிறது. இடக்கண்ணுக்குள் ஊசி போட்டார்கள் — அதைப் பற்றி எழுத வேண்டாம். அந்தக் கண்ணுக்குப் புரை எடுக்க எந்த முறையானாலும் சரி என்கிறார் டாக்டர். சாதாரண முறை போதும் என்றேன்.

“ஏம்மா? என் மேல கோவமா?” என்றாள் இசபெல்.

“இல்லடி. ரெண்டும் ஒண்ணுன்னா எதையாவது ஒண்ண எடுக்கணும்ல.”

உண்மையான காரணம் எனக்கே தெரியவில்லை.

ஜூலை 29, திங்கள்

இடக்கண்ணும் முடிந்தது. நன்றாகத் தெரிகிறது. ஆனால் எதனால் நன்றாக இருக்கிறது? முறையாலா, ஊசியாலா, சீனி குறைந்ததாலா? கமலாதேவி அக்கா, “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றார். நான் தலையாட்டி வைத்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மறுபடி நானேதான் வேன் ஓட்டுகிறேன். இன்று பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட கையோடு மத்தியாஸை வேனில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர்.

“லேசரா, சாதாரணமா? என்ன யோசிச்சிருக்கீங்க?”

இவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். “அவளையே கேளுங்க டாக்டர். அவளுக்குத்தான் ரெண்டும் தெரியும்.”

எனக்கா தெரியும்? சிரிப்பு வந்தது. அவர் கை சில்லென்று இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

“அது அப்புறம் டாக்டர். மொதல்ல கண்ணோட பின்பக்கத்த பாருங்க. சீனியும் பாத்துருங்க.”