காதோரம் குவித்த கை

ஜூன் 3, செவ்வாய்

காது பரிசோதனை சென்டரில் காலையிலிருந்து காது மிஷின்களைச் சுத்தம் செய்வதுதான் வேலை. ஒரு பெரியவருடைய மிஷினுக்குள் பிஸ்கட் தூள். எப்படிப் போனது என்று கேட்டேன். "கழட்டி சட்டைப் பையில வெச்சேன். பிஸ்கட்டும் அங்கதான் இருந்துச்சு" என்றார். நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து சமையல் முடியும்வரை நீல அட்டைக் கேசட், தலைவர் பாடிய கிறிஸ்தவப் பாட்டுகள். மெக்கானிக் வழக்கம்போலக் கிண்டல். மெக்கானிக் என்பது என் வீட்டுக்காரர். ஊரார் ஃபிரிட்ஜையெல்லாம் சரிசெய்வார், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். "உன் தலைவர் பாட்டை இன்னும் எத்தனை வருஷம் கேப்ப? கர்த்தருக்கே மனப்பாடம் ஆயிருக்கும்" என்றார்.

அவருக்கு எங்கே தெரியும்? மூன்று சகோதரிகள் குழுவின் பாட்டும் எனக்குப் பிடிக்கும். அவர்கள் சேர்ந்து பாடினால் எது யார் குரல் என்று பிரிக்க முடியாது. ஆனால் பக்கத்தில் ஒருவர் வாசிக்கும் ஒரே ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு தனியாக நின்று பாடும் துணிச்சல் தலைவருக்குத்தான். இயேசு வெளியே நின்று கதவைத் தட்டுவதாக வரும், கதவுப் பாட்டு என்று நான் பெயர் வைத்திருக்கும் பாட்டில், கடைசிச் சரணத்துக்கு முன் ஒரு மூச்சு இழுப்பார் பாருங்கள், தண்ணீரில் முங்கப்போகிறவன் இழுப்பது மாதிரி. கூடவே ஆர்மோனியத் துருத்தி லேசாக முனகும். பிறகு வந்த சிடியில் மூச்சையும் முனகலையும் துடைத்துவிட்டு எதிரொலியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மனுஷன் குளியலறையில் பாடுவது போல இருக்கிறது. அதை நான் கேட்பதே இல்லை.

அட்டைப் படத்தில் கண்ணை மூடி, இடது கையைக் காதோரம் குவித்து நிற்கிறார். அந்தக் கை இல்லாமல் அவர் பாடி யாரும் பார்த்ததில்லை.

ஜூன் 5, வியாழன்

வந்தார். அவரே வந்தார். எங்கள் சென்டருக்கு!

யார் வந்தார்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாது, அது வேலை விதி. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பேச்செல்லாம் அவர் மனைவிதான். "டிவியை இவர் வைக்கிற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க டிவிய விக்கப்போறாங்களாம்மா." அவர், "சும்மா சொல்றா" என்றார். ஆனால் அவர் அப்படிச் சொன்னது அந்த அம்மா வேறு எதையோ சொல்லி முடித்த பிறகு.

சத்தம் நுழையாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னேன். கீழ் ஸ்வரங்கள் பரவாயில்லை. மேலே போகப் போக பட்டன் அமுங்கவில்லை. கூட்டிக்கொண்டே போனேன். கண்ணை மூடினார். இடது கையைக் காதோரம் குவித்தார், ஹெட்போன் மேலேயே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

முடிந்ததும் சொன்னார்: "சுருதி தப்புதும்மா. தப்புதுன்னு மத்தவங்க மூஞ்சியப் பாத்துதான் தெரிஞ்சுக்கிறேன். அதான் பாடுறதையே விட்டுட்டேன். ஒரே ஒரு புதுப் பாட்டு எழுதி வெச்சிருக்கேன். அதைப் பதிவு பண்ணிட்டா போதும்."

பாட வைத்துவிட மாட்டேனா?

ஜூன் 6, வெள்ளி

"என்ன, ரெண்டு நாளா தலைவர் ஓவர்டைம் பாக்குறாரு?" என்று மெக்கானிக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பொய்யும் சொல்லி, ஜெபத்தில் மன்னிப்பும் கேட்டாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

இன்று மிஷின் பொருத்தினேன். மற்றவர்களுக்கெல்லாம் பேச்சைக் கேட்கவைத்துத்தான் ஒலியைச் சரிசெய்வேன். இவருக்கு நீல அட்டைக் கேசட்டைப் போட்டேன். கதவுப் பாட்டு என் மனதில் எப்படி ஒலிக்கிறதோ அப்படி வரும்வரை கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கினேன். "துருத்தி முனகுறதுகூட கேக்குதும்மா" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

வீடு வந்து சேரும்வரை கால் தரையில் பாவவில்லை.

ஜூன் 20, வெள்ளி

திரும்பி வந்துவிட்டார்கள். "நான் பேசினா தகர டப்பாவ உருட்டுற மாதிரி இருக்காம்" என்றார் அந்த அம்மா. "கல்யாணமான நாளா அப்படித்தான்" என்று இவர் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தால் தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பது போல அலைகிறதாம். "பழைய கேசட் மட்டும் அமோகமா இருக்கு" என்றார்.

அவர்கள் போனதும் எங்கள் சென்டர் டாக்டரம்மா என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். "மிஷினை அவர் காதுக்கு வெச்சியா, உன் காதுக்கு வெச்சியா?"



ஜூன் 24, செவ்வாய்

ஆர்மோனியத்தையே சென்டருக்குக் கொண்டுவரச் சொன்னேன். பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று இரண்டு விதமாக வைத்தேன். நீண்டு நிற்கும் ஸ்வரத்தை மிஷின் தன் சொந்த விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறது, அலைச்சல் அதனால்தான். பாட்டுக்கு மட்டும் அப்படி அடக்குவதை நிறுத்திவிட்டேன். ஆனால் ஒரு தொல்லை.

"இனி கையைக் காதுகிட்ட கொண்டுபோனா மிஷின் விசிலடிக்கும் ஐயா."

"கை இல்லாம நான் எப்படிம்மா பாடுறது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா ஆர்மோனியம் வாசிக்க, கதவுப் பாட்டு. கேசட்டில் பாடிய அதே உச்ச சுருதி, ஐந்து கட்டை. பல்லவி தாண்டியது. சரணத்தில் மேலே ஏறினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"இதுவா நான்?"



"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு ஐயா."

"இது ரசிகை சொல்றது. மிஷின் வெச்ச பொண்ணு என்ன சொல்லுது?"

சொன்னேன். "மேலே போனா குரல் உடையுது ஐயா. ஆனா கீழே..."

முடிக்கவிடவில்லை. இரண்டு மிஷினையும் கழற்றி மேசையில் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அந்த அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடினார். ஆர்மோனியம் என் மேசைக்கு அடியில் கிடக்கிறது.

ஜூன் 25, புதன்

ஏன்டி சொன்னே? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? கேக்காம இருந்தவரைக்கும் அவர் மனசுல அந்தக் கேசட் குரல்தானே இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்டியே. பெரிய ரசிகையாம், ரசிகை—

கேசட் போடவில்லை.

ஜூலை 2, புதன்

இன்றும் போடவில்லை. மெக்கானிக் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று. பிறகு ஃபிரிட்ஜைச் சரிசெய்துவிட்டார். வீடு இவ்வளவு நிசப்தமாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 19, சனி

ஆர்மோனியத்தை எடுத்துப்போக அந்த அம்மா மட்டும் வந்தார்.  திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கொஞ்ச நாள் யார்கூடவும் பேசல. சோத்துல உப்பு இல்லன்னாலும் சொல்லல, பாத்துக்க. நேத்து திடீர்னு கேக்குறாரு, 'அந்தப் பொண்ணு கீழேன்னு ஏதோ சொல்ல வந்துச்சே, என்ன அது?'ன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சொன்னேன்: "சுருதியை நல்லா இறக்கிப் பாடச் சொல்லுங்கம்மா. கீழே ஒரு கனம் இருக்கு. அந்தக் கேசட்ல அது கிடையாது. நான் தேயத் தேயக் கேட்டவ, எனக்குத் தெரியும்."

"இதை அப்பவே முழுசா சொல்லியிருக்கலாம்ல" என்றார். நான் எங்கே சொல்வது, அவர் எங்கே நின்றார். மிஷின் டப்பாவை நீட்டினேன். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து சமையலுக்கு உட்கார்ந்தபோது சபைத் தோழி போனில் ஒரு பாட்டை அனுப்பியிருந்தாள். "உன் தலைவர் மறுபடி பாடியிருக்கார்டி!" கத்தியைக் கீழே வைத்துவிட்டு, துடைத்த கையை மறுபடி துடைத்துவிட்டுப் போட்டேன்.

அவர் எழுதி வைத்திருந்த புதுப் பாட்டு இதுதான். ஆர்மோனியம் மட்டும். எதிரொலி இல்லை. எவ்வளவு கீழே இறங்கிப் பாடுகிறார்! முதல் வரியில் வேறு யாரோ என்று நினைத்தேன். வரிக்கு வரி மூச்சு வாங்குகிறது. முன்பெல்லாம் வெளியே நின்று கதவைத் தட்டுகிறவர் குரல். இப்போது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவர் குரல்.

மெக்கானிக் வாசலில் ஷூ துடைத்துக்கொண்டிருந்தார். பிரஷ் சத்தம் நின்றது. "வயசாயிடுச்சு உன் தலைவருக்கு" என்றார். கிண்டல் இல்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசிச் சரணம். குரல் ஒரு படி ஏறியது, உடையவில்லை. அப்போது மெல்லியதாக ஒரு விசில் எழுந்து, உடனே அறுந்தது.

"என்ன அது, கொசு மாதிரி? இதைக்கூடவா வெட்டாம விட்டாங்க?" என்றார் மெக்கானிக்.

அத்தனை நேரமும் இடது கையின் மேல் உட்கார்ந்திருந்து, கடைசியில் அதை எடுத்துக் காதோரம் கொண்டுபோய்விட்டார். இந்த வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேலை விதி.

"கண்ணுல என்ன? வெங்காயமா?"

ஆமாம் என்றேன். பலகையில் இருந்தது முட்டைக்கோஸ். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பாட்டை முதலிலிருந்து போட்டார்.