தை பிறக்கட்டும்

ஆக்லாந்து
20 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ஸ்ரீகரனுக்கு,

இருபத்தெட்டு வருடமாக மாதம் ஒரு கடிதம் அம்மாவுக்கு எழுதி வந்தேன். போனில் எவ்வளவு பேசினாலும் அம்மாவுக்குத் திருப்தி வராது. "காகிதத்துல எழுது, நாலு தடவ எடுத்துப் படிக்கலாம்" என்பார். இந்த மாதம் அந்தத் தேதி வந்ததும் கை தானாக உறையை எடுத்துவிட்டது. முகவரி அதேதான், பெயரை மட்டும் மாற்றினேன். இனி நீதான் படிக்க வேண்டும். உனக்கும் போனில் பேச்சு வருவதில்லை. "ம்", "சரிங்கக்கா", "வேற என்னக்கா" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரந்தான் பேசுவது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த நாலாம் நாளே பினாங்கிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். லீவு அவ்வளவுதான் கிடைத்தது. வந்து பத்து நாளாகியும் இங்கே எதிலும் மனம் ஒட்டவில்லை. அம்மாவின் சேலை ஒன்றை எடுத்து வந்தேன் அல்லவா? பெட்டியிலேயே இருக்கிறது. திறக்கப் பயம்.

நீ புதுக் கார் எடுத்துவிட்டாய் என்று உன் பெண்டாட்டி தாட்சாயினி படம் அனுப்பியிருந்தாள். வெள்ளை நிறம் நன்றாக இருக்கிறது. நீ எங்கே போனாய்? புதுக் கார் வாங்கியவன் கதவில் ஒரு கையை வைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டாமா? கார் மட்டும் தனியாக நிற்கிறது.

ஒன்று சொல்கிறேன். டிசம்பரில் நான், "மார்கழில புதுசு எடுக்காதடா, தை பொறக்கட்டும்" என்று சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார்த்தாயா? அந்த மாதத்தில் எடுத்திருந்தால் அம்மா போனதற்குக் கார் வந்த வேளைதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் பேசியிருப்பார்கள். நாமும் நம்பியிருப்போம். இப்போது அந்தப் பழி இல்லை.

கார் உனக்குப் பிடித்திருக்கிறதா? மழுப்பாமல் எழுது.

அன்புடன்,
அக்கா ஞானாம்பிகை


ஜோர்ஜ் டவுன், பினாங்கு
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அம்மா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். பழக்கதோஷம். நானும் திருத்தவில்லை.

கார் நன்றாக ஓடுகிறது. தினமும் அக்கரையில் பத்து காவான் ஊரில் இருக்கும் தொழிற்சாலைக்கு இரண்டாவது பாலம் வழியாகப் போய் வருகிறேன். கோடு தாண்டினால் கத்துகிறது, முன்னால் வண்டி வந்தால் கத்துகிறது, சீட் பெல்ட் போடாவிட்டால் நிறுத்தாமல் கத்துகிறது. தாட்சாயினிக்கு அதில் ரொம்ப சந்தோஷம். "நான் சொல்ல வேண்டியத அதுவே சொல்லிடுது" என்கிறாள். இந்த வருடம் கோயிலுக்குப் போகக்கூடாது என்பதால் வீட்டு வாசலிலேயே நான்கு எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து ஏற்றி இறக்கினோம். சீட்டில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. வெயிலில் முதுகு ஒட்டுகிறது. பிரிக்கலாம் பிரிக்கலாம் என்று நாள் போகிறது.

போன வாரம் கார் நிறுவனத்திலிருந்து நூர் ஃபாத்திஹா என்ற பெண் போன் செய்தாள். வாங்கியவர்களின் கருத்தைக் கேட்கிறார்களாம். "புவாஸ் ஹாத்தி தாக், என்சிக்?" என்றாள். மனசு நிறைந்ததா என்கிறாள். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். எட்டு என்றேன். வாங்கியதற்காக எப்போதாவது வருத்தப்பட்டீர்களா என்று அடுத்த கேள்வி. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

தை பற்றி எழுதியிருந்தீர்கள். ஆமாம் அக்கா. நீங்கள் சொன்னது சரிதான்.

அத்தானுக்கு என் வணக்கம். குளிர் தொடங்கும் என்றீர்களே, முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி ஸ்ரீகரன்


ஆக்லாந்து
6 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மா சொன்ன மாதிரியே நாலு தடவை படித்தேன். அலுவலகத்துக்கு எழுதியது போல இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைப் பற்றி அத்தனை வரி எழுதினாய். நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி இல்லை. நீ இளைத்துப் போய்விட்டதாகத் தாட்சாயினி சொல்கிறாள்.

எட்டு சொன்னாய் சரி. மீதி இரண்டு எங்கே போயிற்று?

இதையும் கேட்டுவிடுகிறேன். பழைய காரை டிசம்பர் பதினாலாம் தேதியே விற்றுவிட்டாய். புதுக் கார் பிப்ரவரியில்தான் வீட்டுக்கு வந்தது. நடுவில் அம்மாவை வைத்துக்கொண்டு, வீட்டில் காரே இல்லாமல் இருந்திருக்கிறாய். அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லையே நீ. புதுக் கார் உண்மையில் என்றைக்குத் தயாரானது? தேதியை மட்டும் எழுது, போதும்.

என்னைத் திட்டவேண்டும் போலிருந்தால் திட்டு. மூத்தவள் என்று பார்க்காதே.

அன்புடன்,
அக்கா


ஜோர்ஜ் டவுன்
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். தாட்சாயினி எதையும் பெரிதாக்குவாள். நேற்றுகூடப் பக்கத்து வீட்டு இப்ராஹிம் அண்ணன் தன் சூலியா தெருக் கடையிலிருந்து வரும்போது நாசி கண்டார் சோறு கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். மீன் முட்டையோடு சேர்த்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்ட விஷயம். ஏதோ ஒரு பாகம் வராமல் தொழிற்சாலையிலேயே தாமதமாகிவிட்டது. கார் தயாரானதே ஜனவரி கடைசியில்தான். ஆகையால் நீங்கள் மார்கழி என்று சொல்லாவிட்டாலும் எனக்குக் கார் கிடைத்திருக்காது. இதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அம்மாவின் நேரம் வந்தது, போனார். உங்களைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது?

மழை தொடங்கிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
தம்பி


ஆக்லாந்து
25 மே 2025

என் தம்பிக்கு,

உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சின்ன வயதிலும் பொய் சொல்லும்போதுதான் காரணம் கேட்காமலே காரணம் சொல்வாய்.

எனக்குத் தெரியும்டா. அம்மா காரியத்துக்கு நான் வந்த மூன்றாம் நாளே தெரியும். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தாட்சாயினி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "புதுக் காடி டிசம்பர் பதினெட்டாம் தேதியே ரெடியா நின்னுச்சுக்கா. நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னு இவர் எடுக்கல." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்கிட்ட கேட்டுடாதீங்க, உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு" என்று அழுதாள். அவளைக் கோபிக்காதே. நானும் அவளும் மிச்சமிருந்த கீரையை ஆய்ந்து முடித்தோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் உன் எதிரில் நடமாடினேன். நீ எதுவும் சொல்லவில்லை. எனக்குக் காப்பி கலந்து கொடுத்தாய். முதல் கடிதத்தில் தை நல்லதாகப் போயிற்று என்று எழுதினேனே, அதை எந்த மனுஷியாவது எழுதுவாளா? படித்ததும் உனக்குப் பற்றிக்கொண்டு வரும், நாலு வார்த்தை கேட்பாய் என்றுதான் எழுதினேன். நீங்கள் சொன்னது சரிதான் என்று பதில் போட்டாய். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். இங்கே என் வீட்டில் மார்கழியும் கிடையாது, தையும் கிடையாது. அத்தான் இப்போது ஓட்டும் காரை வாங்கியதே ஒரு மார்கழியில்தான். பஞ்சாங்கம் பார்க்கவில்லை, கடையில் தள்ளுபடி போட்டிருந்தான், வாங்கினோம். அப்புறம் எதற்கு உன்னிடம் சொன்னேன்? அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவன் நீ, குளிப்பாட்டுகிறவள் உன் பெண்டாட்டி. எனக்கு அந்த வீட்டில் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. நாள் நட்சத்திரம் சொல்வது ஒன்றுதான் போனிலேயே செய்ய முடிந்த வேலை. நீ மறுபேச்சில்லாமல், "சரிங்கக்கா" என்றாய். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன், என் பேச்சுக்கு அந்த வீட்டில் இன்னும் இடமிருக்கிறது என்று.

அன்று காலை என்ன நடந்தது என்று எனக்கு எழுது. நான் அங்கே இல்லை. எல்லோரும், "அமைதியா போய்ட்டாங்க" என்று மட்டும் சொல்கிறார்கள். நீ எழுதாவிட்டால் இனிமேல் நானும் எழுதமாட்டேன். எனக்கு இப்படி மரியாதையாகப் பேசும் தம்பி வேண்டாம்.

ஞானாம்பிகை


ஜோர்ஜ் டவுன்
22 ஜூன் 2025

அக்கா,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். நீங்கள் என்று தொடங்கினால் உண்மை வரமாட்டேன் என்கிறது. அதனால் இதில் நீ என்றுதான் எழுதப்போகிறேன்.

ஜனவரி ஐந்து, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழேகால் இருக்கும். தாட்சாயினி சந்தைக்குப் போயிருந்தாள். அம்மா முகம் கழுவிவிட்டு வந்து, "நெஞ்ச அடைக்குதுடா" என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், வர நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டு இப்ராஹிம் அண்ணன் அப்போதுதான் கடை திறக்கக் காரில் போயிருந்தார். கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிட்டேன். முதல் ஆள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்தான். இரண்டாவது கார் வர இருபத்திரண்டு நிமிடம். அம்மாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நின்றேன். நம் கார் நின்ற ஷோரூம் வீட்டிலிருந்து ஆறு நிமிடம். அந்த இருபத்திரண்டு நிமிடமும் எனக்கு அந்த ஆறு நிமிடந்தான் ஞாபகம்.

வந்த காரும் வெள்ளை. ஓட்டி வந்த அஃபிக் என்ற மலாய்க்காரர் ஓடி வந்து அம்மாவைத் தூக்க உதவினார். உள்ளே உட்கார்ந்ததும் அம்மா சுற்றிப் பார்த்தார். சீட்டைக் கையால் தடவினார்.

"புதுக் காடி வந்திருச்சாடா?"

"ஆமாம்மா. நம்ம காடிதான்."

"நல்லா இருக்குடா" என்றார்.

இரண்டாவது சிக்னலில் தலை என் தோளில் சாய்ந்தது. மருத்துவமனையில் இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன். காரில் அம்மா கேட்டது தாட்சாயினிக்கும் தெரியாது. அம்மாவிடம் நான் கடைசியாகச் சொன்னது பொய், அக்கா.

இப்போது நீ கேள். நீ சொல்லியிருக்கக் கூடாது. உன் வீட்டில் பார்க்காத நாளை என் வீட்டில் பார்க்கச் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? அம்மாவின் இதயம் எவ்வளவு பலவீனம் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் படம் எடுத்து அனுப்பினேன். தெரிந்துகொண்டே, தை பிறக்கட்டுமாம். பிறந்தது. யாருக்குப் பிறந்தது? காரை விற்பனை செய்த ஹைக்கல் அன்று, "அண்ணே, காடி சியாப் லா, எல்லாம் ரெடி, நாளைக்கே எடுத்துக்கலாம்" என்று சாவியைக் காட்டினான். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை நான், "எங்க அக்கா வேணாம்னு சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்மேல் எனக்கு இருக்கும் கோபம் தனி. அதில் உனக்குப் பங்கு தரமாட்டேன். உன்மேல் இருப்பது உன்மேல்தான். கொள்ளி வைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் நீ அழுதுகொண்டிருந்தாய், எனக்கு உன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆறு மாதமாக இந்த ஒன்றை மறைக்கத்தான் எலுமிச்சம்பழம், நாசி கண்டார் என்று எழுதினேன்.

கிழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எழுதி முடித்ததும் உறையை ஒட்டித் தாட்சாயினியிடம் கொடுத்து, நான் திருப்பிக் கேட்டாலும் தராதே என்று சொல்லப்போகிறேன்.

காரைப் பற்றிக் கேட்டாய். இரண்டு தடவை விற்றுவிட நினைத்தேன். விற்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறது என்று சொன்னது இந்தக் காரைத்தான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.

திதிப்படி டிசம்பர் கடைசியிலேயே அம்மாவின் ஆண்டுத் திவசம் வருகிறது. நீ வந்தாக வேண்டும். விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். உன்னைத் திட்ட இன்னும் நிறைய இருக்கிறது. பதில் பேசாமல் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வா. அங்கிருந்து வீட்டுக்கு அரை மணி நேரந்தான், அது போதாது. பாலம் ஏறிப் பத்து காவான் வரை போய்த் திரும்பி வருவோம்.

உன் தம்பி,
ஸ்ரீகரன்