வெயிலில் விழுந்த மின்னல்

என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரியவருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். எதிர்வீட்டுத் தையல்காரர் போனிலிருந்து ‘நலம்’ என்று மட்டும் சேதி அனுப்பச் சொன்னேன். என் போன் சார்ஜில் கிடந்தபடியே கருகிவிட்டது. மீதியை நிதானமாகத் திட்ட வேண்டும். அதற்குக் கடிதம்தான் தோது.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. சுள்ளென்று வெயில், மேகம் எங்கோ தொலைவில். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று குமட்டியது, தலை சுற்றியது. பாதித் துணியை வாளியிலேயே விட்டுக் கீழே இறங்கி வந்தேன். கூடத்தில் கால் வைத்ததும் ஒரே வெடி! சுவரின் ஈரம் ஆவியாகிப் பூச்சு பாளம் பாளமாகச் சிதறியது. சுவிட்ச் பலகை எகிறி விழுந்தது. திரைச்சீலையில் தீ. தையல்காரர் ஓடிவந்து இழுத்துப்போட்டு மிதித்து அணைத்தார்.

‘வெயில்ல கூடவா இடி விழும்?’ என்று கேட்டார் மனிதர். நீங்கள் சாப்பிடும்போது நடத்தும் பாடத்தை அப்படியே ஒப்பித்தேன்: இது பாசிட்டிவ் மின்னல், மேகத்தின் உச்சியிலிருந்து கிளம்பும், பல மைல் தள்ளியும் விழும், அரிதாகத்தான் வரும், வந்தால் அதிக நேரம் பாய்ந்து தீ வைத்துவிட்டுப் போகும். வாயைப் பிளந்து கேட்டார்.

இவ்வளவு தெரிந்த மனுஷன் செய்த காரியம்தான் அழகு! டவர் வேலைக்குப் புறப்பட்ட அன்று நம் இடிதாங்கிக் கம்பியின் அடி இணைப்பைக் கழற்றி மண்ணின் மின்தடையை அளந்தீர்களே, திரும்ப மாட்டவே இல்லை. மண்ணுக்குள் போக வழியில்லாமல் மின்னல் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. போல்ட்டுகள் உங்கள் நீலச் சட்டைப் பையில் இருந்தன. ஊருக்கெல்லாம் இடிதாங்கி மாட்டுகிறவர் வீட்டு லட்சணம் இதுதானா என்று உங்கள் கூட்டாளி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார்.

தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை. மின்னல்தான் தாக்கிவிட்டதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா, ‘இது மின்னல் பண்ண வேலை இல்லம்மா’ என்று சிரித்தார். ஆமாங்க, நான் உண்டாகியிருக்கிறேன்! கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து! அந்தக் குமட்டல் வராமல் இருந்திருந்தால் நான் மாடியிலேயே நின்றிருப்பேன். பிறக்கும் முன்பே நம் பிள்ளை அம்மாவைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறது. அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வருகின்றன.

கோபமெல்லாம் போய்விட்டது. இப்போது பயம்தான். அங்கே டவர் ஏறும்போது வானம் நீலமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். தூரத்தில் இடி கேட்டாலே இறங்கிவிடுங்கள். மேலாளர் முறைத்தால் முறைக்கட்டும். பத்திரமாக இறங்குங்கள், சீக்கிரம் வீட்டுக்கு வாருங்கள்.

வாசலைப் பார்த்திருக்கும்,
நாங்கள் இருவர்.