பாறைச் செடியின் பெயர்

மார்ச் 4, செவ்வாய்

இருபத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

எங்கள் தாவரக் காப்பகம் ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறது. அட்டையில் என் பாறைச் செடியின் படம். உள்ளே, ஓய்வுபெற்ற இயக்குநர் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை: ‘நான் கண்டெடுத்த கதை’. கண்டெடுத்தாராம்! செடி கிடைத்த அன்றைக்கு அந்த மனிதர் ஜீப்பை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. முழங்கால் வலி என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வழுக்குப் பாறையில் ஏறியது நான். செடியைப் பறித்து, தாளில் அழுத்தி, காய வைத்து அலமாரிக்குக் கொண்டுவந்தது நான். புதுச் செடி என்று உலகத்துக்கு அதை அறிவித்த அந்தக் கால ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் மட்டும். நன்றி சொல்லும் பத்தியில் ஜீப் ஓட்டுநர்கூட இருக்கிறார், நான் இல்லை.

மலரின் பொறுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதப்போகிறேன். கையெழுத்துப் போட்டு, பதவியைப் போட்டு, முத்திரையும் குத்தி.

மனைவியிடம் சொன்னேன். “எழுதுங்க. அப்பவாவது அந்த ஆளு நம்ம சாப்பாட்டு மேசைக்கு வராம இருப்பாரு” என்றாள்.

மார்ச் 5, புதன்

தபாலில் ஒரு அட்டை. தங்கை மகள் அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப்போகிறது என்பதே எனக்கு இந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரியும். மனைவிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. “சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க” என்றாள். உண்மைதான்.

தங்கையோடு பேசிப் பதினோரு வருடமாகிறது.

அட்டையில் பச்சை மையில் எழுதியிருந்தாள்: ‘எங்க பாப்பாவுக்கு ஒரு செடி, கொடி, மரம், பூ — எதோட பேராவது சொல்லுங்க. 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுல எல்லா அட்டையையும் சத்தமா படிப்போம். கையெழுத்து கண்டிப்பா வேணும். பெரிசானதும் யார்கிட்ட சண்டை போடணும்னு அதுக்குத் தெரியணும்ல!’ கீழே மூன்று கோடுகள்: பெயர், ஏன் இந்தப் பெயர், சொன்னவர்.

ஓரத்தில் எனக்கு மட்டும் பொடியாக ஒரு வரி: ‘பச்ச மாமா இல்லாம செடிப் பேரா?’

இலை வாசனையோடு அவர்கள் வீட்டுக்குப் போவேன் என்று நான்கு வயதில் அவள் எனக்கு வைத்த பட்டம். இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

கடிதத்தின் முதல் வரைவு ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. படித்துப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

மார்ச் 8, சனி

காலையில் காய் நறுக்கிக்கொண்டே மனைவி பெயர் சொன்னாள். நான் தட்டிக் கழித்தேன்.

“முல்லை?”

“வகுப்புக்கு மூணு பேர் இருப்பாங்க.”

“காந்தள்?”

“பூ அழகுதான். கிழங்கு முழுக்க விஷம்.”

“சரி, அல்லி.”

“அது சாயங்காலம் முழிச்சு, விடிஞ்சதும் தூங்கற ஜாதி. பெத்தவங்க பாவம்.”

கத்தியைக் கீழே வைத்தாள். “உங்களக் கேட்டா அந்தப் பிள்ள பேரில்லாமலே காலேஜ் முடிச்சிடும்.”

சிரித்துவிட்டேன். தங்கை வீட்டு விஷயத்தில் நான் சிரித்தது எனக்கே கொஞ்சம் கோபமாக இருந்தது. அட்டை மேசையில் கிடக்கிறது. அனுப்பப்போகிறேனா? தெரியாது. என் பெயரைப் பார்த்ததும் தங்கையின் முகம் எப்படி மாறும் என்று மட்டும் தெரியும்.

மார்ச் 11, செவ்வாய்

கடிதத்துக்கு ஆதாரம் வேண்டும். எங்கள் தொழிலில் முதலில் கண்டது யார் என்பதற்குச் சாட்சி களக் குறிப்பேடுதான். செடியைப் பார்த்த அதே இடத்தில், அதே நேரத்தில் எழுதுவது. அதற்குப் பின் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

பரணிலிருந்த பெட்டியை இறக்கினேன். என் பழைய குறிப்பேடு. அட்டையில் சேறு. பக்கத்தைக் கண்டுபிடித்தேன்.

அப்படியே எழுதி வைக்கிறேன்:

‘நீர் கசியும் பாறை. வடக்கு முகம். நான் தாண்டிப் போய்விட்டேன். தங்கை கூப்பிட்டுக் காட்டினாள். உயரம் இரண்டு விரல். பூ வெள்ளை, கடுகளவு, நிறைய. வழக்குப் பெயர்: இல்லை. தங்கை “தூறல்” என்கிறாள் — தூரத்திலிருந்து பார்த்தால் பாறைமேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கிறதாம்.’

என் கையெழுத்து. என் பேனா.

மார்ச் 12, புதன்

நான் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 13, வியாழன்

வேலையில் மனம் ஒட்டவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்போது தங்கைக்குக் கல்லூரி விடுமுறை. ஜீப்பில் ஒரு இடம் காலியாக இருந்தது. நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டாள். இவ்வளவுதான் எனக்கு ஞாபகமிருந்தது. செருப்பு அறுந்து வெறுங்காலோடு நடந்தாள், வழியெல்லாம் தொணதொணத்தாள் — இதெல்லாம் ஞாபகமிருந்தது. “அண்ணா, இங்க வா, இங்க வா” என்று அவள் கத்தியது மட்டும் எப்படி மறந்தது?

மறக்கவில்லையோ? காப்பகத்துத் தாளில் ஒட்ட அன்று மாலையே சீட்டு எழுதினேன். ‘கண்டு சேகரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். குறிப்பேடு பக்கத்திலேயே திறந்து கிடந்திருக்கும்.

பதினோரு வருடம் முன்பு அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இயக்குநரைப் பற்றி வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அவரு உன் பேர விட்டாரு, சரி. நீ என் பேர எங்கண்ணா விட்ட?”

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் கணவர் முன்னால், பதினைந்து வயது மகள் முன்னால் என் வாயில் வந்தது: “ஊர் சுத்த வந்தவளுக்குப் பேரு வேறயா? உனக்குச் செடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியுமா?”

சிரிப்பு நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பின்னும் மூன்று முறை போன் செய்தாள். நான்தான் எடுக்கவில்லை. அவமானப்பட்டது நான் என்று சத்தியமாக நம்பினேன்.

அந்த ஒரு கேள்வியைத் தாண்டி அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட. சொல்லியிருந்தால் இயக்குநரைப் பற்றி நான் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். என் மானத்தைப் பதினோரு வருடம் அவள் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அந்த வருடங்களில் நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, சனி

சனிக்கிழமை காப்பகத்தில் ஆள் குறைவு. செடிகளைத் தாளில் ஒட்டும் அம்மா மட்டும் இருந்தார். அந்தத் தாளை எடுத்துவரச் சொன்னேன்.

“இதுவா சார்? வருஷத்துக்கு நாலு தடவ எடுத்துப் பாத்துப் பெருமூச்சு விடுவீங்களே.”

“இன்னைக்குத் திருத்தச் சீட்டு ஒட்டணும்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் வழக்கம் இது: ஒருமுறை ஒட்டிய சீட்டை யாரும் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது. தவறு இருந்தால் பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டி, திருத்தியவர் பெயரும் தேதியும் போட வேண்டும். தவறும் திருத்தமும் பக்கத்துப் பக்கத்தில் எப்போதைக்கும் இருக்கும்.

எழுதினேன். ‘முதலில் கண்டவர்:’ — தங்கையின் முழுப் பெயர். ‘களக் குறிப்பேட்டின்படி.’ கீழே என் கையெழுத்து.

பசை தடவிக்கொண்டே அந்த அம்மா கேட்டார், “யாரு சார் இவங்க? பெரிய விஞ்ஞானியா?”

“என் தங்கச்சி.”

“அப்ப இத்தன நாளா யாருக்காகப் பெருமூச்சு விட்டீங்க?”

அவர் ஓரங்களைத் துணியால் ஒற்றி, குமிழி இல்லாமல் படிய வைத்தார். இத்தனை வருடமாக என் ஒவ்வொரு தாளையும் இதே கவனத்தோடு ஒட்டியிருக்கிறார். அவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. இன்று சொன்னேன். “உடம்புக்கு ஏதும் இல்லையே சார்?” என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்பது பக்கத்தையும் கிழித்தேன். இயக்குநரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அந்த ஆரஞ்சுத் தோல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அவரைத் திட்ட நான் சரியான ஆள் இல்லை. வேறு யாராவது திட்டட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

தங்கை மகள் போன் செய்தாள். குரல் அப்படியே அவள் அம்மா.

“மாமா, உங்க அட்ட மட்டும் இன்னும் வரல.”

“அனுப்புவேன்னு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. ஆனா அம்மா தினமும் ரெண்டு தடவ தபால் பெட்டியத் தெறக்குறாங்க. என்னம்மான்னு கேட்டா கரண்டு பில்லாம். பில்லெல்லாம் போன்ல வந்து ரெண்டு வருஷம் ஆச்சு மாமா.”

நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். நேரம் ஒன்றும் ஆகவில்லை.

பதினோரு வருடத்துக்குப் பிறகும் ஒருத்தி தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். இப்படி ஒரு தங்கைக்கு நான் என்ன செய்தேன்? இதற்கு யாருக்கு நன்றி சொல்வது?

மார்ச் 19, புதன்

அட்டையை எழுதினேன்.

பெயர்: தூறல்.

ஏன் இந்தப் பெயர்: ‘பாறையில் நீர் கசியும் இடத்தில் பூக்கும் ஒரு செடிக்கு, அதை முதலில் பார்த்த பெண் வைத்த பெயர். எந்தப் புத்தகத்திலும் இல்லை.’

சொன்னவர்: — பேனா இங்கேயே நின்றுவிட்டது.

என் பெயரைப் போட்டால் எல்லோரும் அட்டையை விட்டுவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்ப்பார்கள். சபையில் வைத்து அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஒருமுறை அப்படி நிற்க வைத்தது போதும். பெயர் வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லட்டும். பிடித்தால் அது அவள் வைத்த பெயர். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 20, வியாழன்

காலையில் மனைவி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “கடைசிக் கோடு காலியா இருக்கே?”

“காலியாவே இருக்கட்டும்.”

“ஆமா, கோழி கிண்டின மாதிரி இருக்கற இந்த எழுத்துக்குக் கையெழுத்து வேற எதுக்கு?” என்றாள். பிறகு ‘ஏன் இந்தப் பெயர்’ வரியை இரண்டாம் முறை படித்தாள். தபால்தலையை அவளே ஒட்டினாள்.

வேலைக்குப் போகும் வழியில், மருந்துக்கடை முனையில் தபால் பெட்டி இருக்கிறது. முதல் எடுப்பு ஒன்பதரைக்கு. கையெழுத்து இல்லாமல்தான் போடப்போகிறேன். சட்டைப் பையில் பேனாகூட எடுத்துக்கொள்ளவில்லை.